கூறைச் சேலையின் பட்சிகள்



நம்முடைய யாழ்ப்பாணக் கலியாணங்களில் கூறையும் தாலியும் வைத்த தட்டம் சபையைச் சுற்றிவரும். பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிப்பார்கள். மணமகள் அந்தக் கூறையை வாங்கி, உள்ளே போய் உடுத்து வந்த பிறகுதான் தாலிகட்டு. அந்த அவசரத்தில் முந்தானையை உற்றுப் பார்க்க யாருக்கு நேரம்? ஆறுதலாக ஒருநாள் விரித்துப் பாருங்கள். பல கூறைகளில் மயிலோ அன்னமோ இருதலைப்பட்சியோ சரிகையில் நிற்கும்.

காஞ்சிபுரத்துத் தறியில் பட்டு ஊடையோடு சரிகை இழையும் குறுக்கே ஓடுகிறது. சரிகை எங்கே மேலே தெரிய வேண்டும், எங்கே அடியில் மறைய வேண்டும் என்ற கணக்கிலேயே மயிலின் தோகையும் அன்னத்தின் கழுத்தும் உருவாகின்றன. முன்பு அடை என்ற நூல் கட்டுகளைக் கட்டி, இழைகளைக் கையால் தூக்கிக் கொடுத்தார்கள். பின்னர் ஜக்கார்டு என்ற பொறி வந்தது. துளையிட்ட அட்டைகள் அந்த வேலையைச் செய்கின்றன. அட்டை மாறாதவரை கரை நெடுக ஒரே அன்னம்தான்.

துணியில் பறவைகளை நிறுத்தியவர்கள் நாம் மட்டுமல்ல. தென் அமெரிக்காவில், பெரு நாட்டுக் கரையோரத்தில், பராக்காஸ் என்றொரு குடாநாடு உண்டு. 1927இல் ஹூலியோ தெய்யோ என்ற தொல்லியலாளரின் குழு அங்கே 429 சடலப் பொதிகளைக் கண்டெடுத்தது. இறந்தவரை உட்கார்ந்த நிலையில் வைத்து, அடுக்கடுக்காகத் துணி சுற்றியிருந்தார்கள். ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழமையான அந்தப் போர்வைகள் சிலவற்றில் வரிசை வரிசையாகப் பறவைகள்! நெய்த துணியின்மேல் அல்பக்கா போன்ற விலங்குகளின் உரோம நூலால் ஊசி கொண்டு தைத்தவை. உருவம் ஒன்றாக இருந்தாலும் நிறம் மாறிமாறி வரும். மூலைவாட்டாகப் பார்த்தால்தான் அந்த நிற ஒழுங்கு பிடிபடும்.

அந்தப் போர்வைகள் பிழைத்ததற்குக் காரணம் அங்கே மழை இல்லாததுதான். காய்ந்த மணல் துணியை உக்கவிடவில்லை. குஜராத்தில் அச்சடித்த பழைய அன்னத் துணிகளுக்கும் இதே கதைதான். அவை கிடைத்தது எகிப்தின் வறண்ட மண்ணில், பழைய கெய்ரோவின் புஸ்தாத்தில். நம்முடைய குடாநாட்டிலோ ஐப்பசி, கார்த்திகை மழையும் உப்புக் காற்றும் பூச்சியும் சேர்ந்து துணியைத் தின்றுவிடும். மிஞ்சுகிற பட்டையும் சரிகையின் வெள்ளிக்காக எடைக்குப் போட்டுவிடுகிறோம். உருக்கிய வெள்ளியில் மயில் ஏது?

மணல் செய்யாததை நாம்தான் செய்ய வேண்டும். அம்மாவின், அம்மம்மாவின் கூறை வீட்டில் இருந்தால் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். உள்ளே ஈரம் தங்கும். துவைத்துக் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பூச்சி உருண்டை சரிகையில் படக்கூடாது. சில மாதங்களுக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விரித்து, பழைய மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அந்த இடத்திலேயே முறியும்.

இன்னொன்று. யாருடைய கூறை, எந்த ஆண்டுக் கலியாணம், எங்கே வாங்கியது என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். பராக்காஸ் போர்வைகளைப் போர்த்தியிருந்தவர்களின் பெயர்கள் இன்று யாருக்கும் தெரியாது. நம் கூறைகளுக்குரியவர்களின் பெயர் சொல்ல வீட்டில் இன்னும் ஆள் இருக்கிறது. இந்தக் கிழமையே கேட்டு எழுதிவிடுங்கள்.