இயந்திரம் இலவசம், இழந்த கூலிக்கு வழி என்ன?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் உடம்பில் இரண்டு வடிகட்டிகள் இருக்கின்றன. விலாவுக்குக் கீழே, முதுகுப்புறமாக, கைமுட்டி அளவில் இருக்கும் சிறுநீரகங்கள்தாம் அவை. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதை உடம்புக்கே திருப்பிவிட்டு, கழிவைச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இவற்றுக்கு ஷிப்டும் இல்லை, லீவும் இல்லை.

இவை பழுதாவது முதலில் வெளியே தெரிவதில்லை. கால் வீங்கி, சோறு இறங்காமல், மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காலம் கடந்துவிடுகிறது. சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் முக்கியக் காரணங்கள். அவை மட்டுந்தானா? எல்சால்வடார், நிகரகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்களில் இந்த இரண்டு நோயும் இல்லாத இளந்தொழிலாளர்கள் சிறுநீரகம் கெட்டு மாண்டார்கள். கொளுத்தும் வெயிலில் நிழலும் தண்ணீரும் ஓய்வும் இல்லாமல் வேலை வாங்கியது இதற்கு முக்கியக் காரணமென்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நம் வயல்களில் அடிக்கும் வெயில் மட்டும் குளிர்ச்சியானதா? ஒதுங்க இடமில்லாமல் எத்தனை தாய்மார்கள் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறார்கள்! உடம்பு வலிக்கு டாக்டரைக் கேளாமல் தினமும் வலி மாத்திரை போடுகிறோமே, அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சிறுநீரகம் அடியோடு நின்றுவிட்டால் டயாலிசிஸ் செய்ய வேண்டும். ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திரும்ப உடம்பில் செலுத்துவதே டயாலிசிஸ். 1943-ல், நாஜிகளின் பிடியிலிருந்த ஹாலந்தில், வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் இந்த இயந்திரத்தை அமைத்தார். யுத்தம் முடிந்ததும், தாம் செய்த இயந்திரங்களைப் பிற நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு இலவசமாகவே கொடுத்தார். விஞ்ஞானம் யாருக்குச் சொந்தம் என்பதற்கு அவர் அன்றே பதில் சொல்லிவிட்டார்.

இன்று தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் ஏழைகளுக்கு டயாலிசிஸ் இலவசம். இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். வாரம் 3 முறை. முறைக்கு 4 மணி நேரம். போக, வர, காத்திருக்க, முடிந்தபின் சோர்ந்து படுக்க என்று அந்த நாளே போய்விடுகிறது. வருஷத்துக்கு 156 நாள்! துணைக்குப் போகிறவரின் கூலியும் போகிறது. ஊசி குத்தும் கையால் பாரம் தூக்கக்கூடாது. தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். உடம்புக்கு நல்லதென்று நாம் வாங்கிப்போகும் இளநீரே அவருக்கு ஆபத்து. அதிலுள்ள பொட்டாசியம் இருதயத்தை நிறுத்திவிடக்கூடும். இயந்திரம் இலவசம், ஆனால் அடுப்பு எரிய வழி?

ஈ.எஸ்.ஐ.யில் உள்ள ஆலைத் தொழிலாளிக்குப் போதிய சர்வீசும் சந்தாவும் இருந்தால், நீடித்த நோய்ப் பயனாகக் கூலியில் 80 சதவீதம் 2 ஆண்டு வரை கிடைக்கும். கேட்டு வாங்குங்கள். காண்டிராக்ட் என்று சொல்லிச் சந்தா கட்டாமல் ஏய்க்கும் முதலாளி, இந்தப் பாதுகாப்பைத்தான் திருடுகிறான். விவசாயத் தொழிலாளிக்கோ ஈ.எஸ்.ஐ.யே கிடையாது.

மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் இயந்திரத்திலிருந்து விடுதலை உண்டு. நம் நாட்டில் 1971-ல் வேலூரில் இந்த அறுவை சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது. மாத்திரைகளை மட்டும் விடாமல் சாப்பிட வேண்டும். ஆகவே நோயாளி நம்பிக்கையோடு காத்திருக்கிறார். அது நியாயமான நம்பிக்கை.

ஆனால் அந்த நம்பிக்கையைச் சுற்றித் தரகன் திரிகிறான். சிறுநீரகத்தை விற்பதும் வாங்குவதும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இருந்தும் என்ன நடந்தது? 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில், கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் வாங்கிய கொடுமை அம்பலமாயிற்று. தறியில் உழைப்பைக் கொடுத்தார்கள்; போதவில்லை. வட்டி கட்ட உடம்பின் உறுப்பையே கொடுத்தார்கள்! ஒரு தொழிலாளி பிழைக்க இன்னொரு தொழிலாளியின் வயிற்றை அறுப்பதா வழி? நோயாளி நமக்கு எதிரியல்ல, விற்றவரும் எதிரியல்ல. இருவரின் கஷ்டத்திலும் காசு பார்ப்பவனே எதிரி.

சொந்தக் குடும்பத்தில் கொடுக்கலாம். அங்கேயும் பெரும்பாலும் தாயும் மனைவியுமே கொடுக்கிறார்கள். பெண் கொடுப்பதும் ஆண் பெறுவதும் வழக்கமாகிவிடக்கூடாது. இதைவிட நல்ல வழி மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புத் தானம். விபத்தில் மூளை முழுவதும் நின்றுவிட்டால், கருவியின் துணையால் இருதயம் துடித்தாலும் அவர் திரும்பமாட்டார். அவருடைய இரண்டு சிறுநீரகங்களால் இரண்டு பேர் பிழைக்கலாம். தமிழ்நாட்டில் 2008 முதல் இதற்கென ஒரு திட்டம் நடக்கிறது. பதிவு செய்து காத்திருப்போருக்கு விதிமுறைப்படி ஒதுக்குகிறார்கள். 2023-ல் தானம் செய்தோருக்கு அரசு மரியாதை அறிவிக்கப்பட்டது. சம்மதம் கேட்பது குடும்பத்தாரிடமே. எனவே உங்கள் விருப்பத்தை இன்றே வீட்டில் சொல்லிவையுங்கள்.

நம் கோரிக்கைகள் இவை: டயாலிசிஸ் நாளுக்கு நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கூலி ஈடு, போக்குவரத்துச் செலவு, தாலுகா ஆஸ்பத்திரியிலேயே, இரவு ஷிப்டும் சேர்த்து, டயாலிசிஸ், வேலையிடத்தில் குடிநீர், நிழல், கழிப்பிடம், வருஷத்துக்கொருமுறை ரத்தம், சிறுநீர், கொதிப்புப் பரிசோதனை, கந்துவட்டிக்காரன்மீதும் தரகன்மீதும் கடும் நடவடிக்கை.

ஒவ்வொரு கிளையிலும் இவற்றைத் தீர்மானமாக்குங்கள். உங்கள் தெருவில் டயாலிசிஸுக்குப் போகும் தோழர் யாரென்று விசாரியுங்கள். அடுத்த முறை அவருக்குத் துணையாகச் சங்கத்திலிருந்து ஒருவர் போகட்டும். அந்த வீட்டில் ஒரு கூலியாவது மிஞ்சும்.