ஈரத் தானியமும் ஆளில்லாக் கடையும்

(விழுப்புரம், திண்டிவனம் பெற்றோர்கள் கூடிய அமர்வில் ஆற்றிய உரை)



பொய் சொல்லாதே என்று நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாத நாளில்லை. அதே பிள்ளையை வாசலுக்கு அனுப்பி, "அத்தா வீட்டில் இல்லை என்று சொல்" என்கிறோம். காதால் கேட்டதையா, தானே செய்ததையா, எதனைப் பிள்ளை கற்றுக்கொள்ளும்? ஆகவே வாய்மையையும் கைவேலையாகவே பழக்க வேண்டும் என்கிறோம்.

இது புதிய கருத்தன்று. 1937இல் வார்தா கல்வி மாநாட்டில், கைத்தொழில் வழிக் கல்விக்குத் திட்டம் வகுக்க அமைந்த குழுவின் தலைவர் டாக்டர் ஜாகிர் ஹுசைன். அப்போது ஜாமிஆ மில்லியாவின் துணைவேந்தர், 1967இல் குடியரசுத் தலைவரானவர். ஒழுங்காக நூற்காத நூல் அறுந்துவிடும். எந்தச் சாக்குப்போக்கும் அதனை ஒட்டவைக்காது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் கண்டார்கள். மழையில் நனைந்தது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு இதனை விளக்கவே வேண்டியதில்லை. நெல்லும் மணிலாவும் விற்பனைக்கு வரும் ஊர்கள் நம்முடையவை. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கிலோ காய்ந்த மணிலாவை நிறுத்து, நீர் தெளித்து, மீண்டும் நிறுக்கட்டும். கூடிய எடைக்கு அன்றைய விலையில் எவ்வளவு என்று கணக்கிடட்டும். அந்தக் காசு யாருடையது என்று ஆசிரியர் கேட்கட்டும். கணக்குப் பாடமும் அதிலேயே முடிந்துவிடும்!

அடுத்தது ஆளில்லாக் கடை. தஞ்சை மாவட்டம் பாபநாசம் பேருந்து நிலையத்தில் காந்தி ஜெயந்தியன்று இத்தகைய கடை வைப்பதைப் பலர் அறிவீர்கள். வகுப்பறை மூலையில் பென்சில், அழிப்பான், நோட்டு, ஒரு விலைப்பட்டியல், ஒரு காசு டப்பா போதும். மாலையில் பிள்ளைகளே எண்ணுவார்கள். சில நாட்களில் காசு குறையத்தான் செய்யும். பாடம் அப்போதுதான் தொடங்குகிறது. உடனே பைகளைச் சோதிக்கப் புகுந்தால் வகுப்பறை காவல் நிலையமாகிவிடும். அகப்படாமலிருக்கும் வித்தையையே பிள்ளைகள் கற்பார்கள். குறைந்த தொகையைக் கரும்பலகையில் எழுதிவைத்தால் போதும். கூடவே கடன் ஏடு ஒன்றும் இருக்கட்டும். காசில்லாத பிள்ளை தன் கையாலேயே பெயரெழுதி எடுத்துச் செல்லும். மறுவாரம் கொடுத்துத் தானே அடித்துவிடும். இல்லாமையால் எடுத்த பிள்ளையைத் திருடன் என்று ஒருமுறை அழைத்துவிட்டால், அப்பெயர் பள்ளி முடியும் வரை கூடவே வரும்.

பெற்றோரிடம் நாங்கள் வேண்டுவது ஒன்றே. டப்பாவில் குறைந்தது என்று கேள்விப்பட்டு, பிள்ளையின் மானம் காக்க எண்ணி, வீட்டிலிருந்து காசு கொடுத்தனுப்பிவிடாதீர்கள்.