வடநெம்மேலியின் மண்பானைகள்



தென்னாப்பிரிக்காவின் ஜூலு, கோசா மக்களிடம் ஒரு பழமொழி வழங்குகிறது. மற்ற மனிதர்களால்தான் ஒருவர் மனிதராகிறார் என்பது அதன் பொருள். நிறவெறி ஆட்சி முடிந்தபின் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு ஊரெங்கும் எடுத்துச் சொன்ன சிந்தனை இது. அதைக் கண்ணால் பார்க்க விரும்பினால் மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இறங்குங்கள்.

முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். வரிசையாக மண்பானைகள், வாயைப் பருத்தித் துணியால் கட்டியிருப்பார்கள். உள்ளே நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன். இருளர் பழங்குடியினர் ஒருவர் பாம்பைக் கொக்கியால் தூக்கி, தலையைப் பதமாகப் பிடித்து, சவ்வு கட்டிய கண்ணாடிக் குப்பியைக் கடிக்க விடுகிறார். சில துளி விஷம்தான் இறங்கும். அதை உலர்த்திப் பொடியாக்கி மருந்து நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அதைச் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து எடுக்கிறார்கள். சில வாரம் கழித்துப் பாம்பு மறுபடி காட்டுக்கே போய்விடும்.

ஒரு காலத்தில் இருளர்களுக்குப் பாம்புத் தோல் வியாபாரம்தான் சோறு போட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னால் வந்த ஏற்றுமதித் தடையும் அதை நிறுத்தின. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978இல் இந்தச் சங்கம் பிறந்தது. இன்று நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. 2000 முதல் 2019 வரை, ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேரைப் பாம்புக்கடிக்குப் பறிகொடுத்த நாடு இது. பீகாரில் நாற்று நடும் ஒரு பெண் ஊசி போட்டுப் பிழைத்தால், செங்கல்பட்டு வரப்பில் வளை தோண்டிய ஓர் இருளரின் கையும் அதில் இருக்கலாம்.

பாம்பு பிடிக்கும் இருளர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மனம் நிறைந்தது. ஆனால் இதே வட்டாரத்துச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்டவர்களில் எத்தனையோ இருளர் குடும்பங்கள் உண்டு. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் குடில் போட்டுக் கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே கல்யாணமும் நடத்துகிறவர்களில் பலருக்கு ஊருக்குள் குடியிருக்கும் மண்ணுக்குப் பட்டா இல்லை. அவர்கள் நமக்குச் செய்ய வேண்டியதை ஏற்கெனவே செய்துவிட்டார்கள். நம் பக்கம்தான் பாக்கி.

உங்கள் ஊர் ஏரிக்கரையில் இருளர் குடியிருப்பு இருந்தால், பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று ஒரு நடை போய்க் கேளுங்கள். இல்லையென்றால் மனு எழுதிக் கொடுங்கள். தாலுகா ஆபீசுக்கும் கூடவே போங்கள்.