அப்பாவின் வானொலியும் நான்கு சுவர்களும்



கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த பழைய வீட்டில், அப்பா வானொலியைத் தாழ்வாக வைத்தே நாடகம் கேட்பார். பின்னர் வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றுக்கு மாறினோம். அதே வானொலி, அதே அப்பா. ஆனால், "சத்தம் கேக்குது, சொல்லு விளங்கேல்லை" என்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போனார். அயலவர் முகஞ்சுளித்தனர். அவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நாங்களும் முடிவுகட்டிவிட்டோம்.

ஒருநாள் அந்த அறையின் நடுவே நின்று கைதட்டினேன். ஓசை சுவருக்குச் சுவர் தாவி, அதிர்ந்து, ஆறுதலாகவே அடங்கியது. குற்றம் காதில் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பழைய வீட்டின் திறந்த வாசல்கள் ஓசையை வெளியே விட்டன. மெத்தையும் துணிமணியும் புத்தக அலுமாரியும் மிச்சத்தை விழுங்கின. புதிய அறையிலோ கொங்கிறீற், சீமெந்து, தரை ஓடு, கண்ணாடி. எல்லாமே ஓசையைத் திருப்பி எறிபவை. நம் தமிழில் உயிரொலி வலியது, மெய்யொலி பல இடங்களில் மெலியது. முன்சொன்ன உயிரின் எச்சம் அறையில் சுற்றிக்கொண்டிருக்க, பின்வரும் மெய் அதனுள் அமிழ்ந்துவிடுகிறது. முதுமையில் கூரிய ஒலிகளைக் கேட்கும் ஆற்றலும் குறைவதால், இளையோரை விட முதியோரையே இது அதிகம் வருத்துகிறது. ஒலியைக் கூட்டினால் எச்சமும் கூடவே கூடும்.

1895இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்திலும் இதே தொல்லை இருந்தது. அங்கே ஒரு சொல் ஐந்து செக்கனுக்கும் மேலாக நின்று ஒலித்தது. வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியர், அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவிரவாகச் சுமந்து வந்து பரப்பி, ஓசை அடங்கும் நேரத்தை அளந்தார். உறிஞ்சும் பரப்பு இரட்டித்தால் அந்த நேரம் பாதியாகும் என்று கண்டார். பேச்சுத் தெளிவாகக் கேட்க, வீட்டு அறையில் அது அரைச் செக்கன் அளவில் இருப்பது நல்லது.

நாங்கள் செய்தது எளிய வேலைதான். மூலையில் முழங்கிய வானொலியை முன்னே இழுத்து, அப்பாவின் கதிரையை அதற்கு அண்மையில் போட்டோம். யன்னலுக்குக் கனத்த திரையைக் கொசுவி மாட்டினோம். எதிர்ச்சுவரில் பழைய தும்பு மெத்தையொன்றைச் சற்று இடைவெளி விட்டு நிறுத்தினோம். அந்த இடைவெளி தாழ்ந்த ஒலிகளை உறிஞ்சவும் உதவும். கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்காமலும் காக்கும். பக்கச் சுவரில் கண்ணாடியொன்றை நகர்த்திப் பார்த்து, கதிரையிலிருந்து வானொலி தெரிந்த இடத்தில் புத்தக அலுமாரியை வைத்தோம். முட்டைத் தட்டுகளை ஒட்டச் சொன்னவர்களும் உண்டு. அவற்றால் பெரும்பயன் இல்லை. கரையோர ரயிலின் இரைச்சலை இவை எவையும் தடுக்கா. அறைக்குள் பிறக்கும் எதிரொலிக்கே இந்த மருந்து.

வானொலிக் கலையகத்தின் சுவர்களுக்கு எவ்வளவோ பக்குவம் செய்கிறார்கள். அங்கிருந்து தெளிவாகப் புறப்படும் சொல், நமது கூடத்தில் வந்து குழம்பலாமா?

அன்றிரவு செய்தி தொடங்கியது. சிறிது நேரத்தில் அப்பா தாமாகவே கையை நீட்டி, ஒலியைக் குறைத்தார்.

வீட்டில் ஒரு முதியவர் "விளங்கவில்லை" என்றால், அவரது காதைச் சோதிக்கத்தான் வேண்டும். அதற்கு முன் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள்.