எடை குறைப்பு அறுவையும் ஊனோதரித் தவமும்



2022ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் உஜ்ஜயினியில் நடைபெற்ற அரசு விழாவில், மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அத்தொகுதி மக்களவை உறுப்பினர் அனில் ஃபிரோஜியாவை நோக்கி ஒரு வேடிக்கையான வாக்குறுதியை அளித்தார். உறுப்பினர் தம் உடல் எடையில் குறைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தொகுதி வளர்ச்சிக்கு 1,000 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்பது அது. அவ்வாறு கூறிய அமைச்சர், தாம் ஒரு காலத்தில் 135 கிலோ இருந்ததாகவும் இப்போது 93 கிலோ இருப்பதாகவும் தெரிவித்தார். செய்தியைப் படித்தவர்கள் ஆயிரம் கோடியை நினைவில் வைத்தனர். எண்ணிப் பார்க்கத் தக்கது அந்த 93தான். ஏனெனில் கட்கரி எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டது 2011ஆம் ஆண்டில். பத்தாண்டுகளுக்கு மேல் கடந்தும் குறைந்த எடை பெரும்பகுதி நிலைத்திருந்தது. அறுவை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் வரும் ஆண்டுகளே இவ்வுரையின் பொருள்.

மாறான சான்றும் உண்டு. கால்பந்து மேதை தியேகோ மரடோனா 2005 மார்ச்சில் கொலம்பியாவின் கார்த்தகேனா நகரில் இரைப்பை மாற்றுவழி அறுவை செய்துகொண்டார். உலகமே வியக்க இளைத்தார். பின்னர் எடை திரும்பியது. 2015இல் வெனிசுலாவில் மறுபடியும் அறுவை மேசைக்குச் செல்ல நேர்ந்தது. இருவரும் செல்வாக்கு மிக்கவர்கள். மருத்துவ வசதிக்குக் குறைவில்லாதவர்கள். ஒருவர்க்கு நிலைத்ததும் மற்றவர்க்கு நிலையாததும் மனவுறுதியின் வேறுபாடு என்று சொல்லிவிடுவது எளிது. அது பாதி உண்மையே.

மறுபாதி உடலின் இயற்கையில் உள்ளது. இன்று மிகுதியாகச் செய்யப்படும் ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நெடுக்காக வெட்டி நீக்கப்படுகிறது. எஞ்சுவது வாழைப்பழ வடிவக் குழாய். பைபாஸ் என்னும் மாற்றுவழி அறுவையில் ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் சிறு பை அமைக்கப்பட்டு, அது சிறுகுடலோடு நேரே இணைக்கப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீரைப் பெரிதும் சுரப்பது இரைப்பையின் மேற்பகுதி. ஸ்லீவ் அறுவையில் நீங்குவதும் அப்பகுதியே. ஆகவே முதலாண்டில் பசி பெரிதும் குறைந்துவிடுகிறது. இரண்டு இட்லியில் நிறைவு வந்துவிடுகிறது. ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை எடை இறங்கிக்கொண்டே இருக்கும். அதன்பின் பசி மெல்லத் திரும்பும்; குழாயும் சற்றே விரியும்; முன்பு மறுத்த வயிறு இப்போது இடங்கொடுக்கும். இந்த இடத்தில்தான் பலர் திகைத்து நிற்கின்றனர்.

சுவீடன் நாட்டில் 1987இல் தொடங்கிய ஆய்வு ஒன்று, அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும் செய்துகொள்ளாத 2,037 பேரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. பைபாஸ் செய்துகொண்டோர் முதலிரண்டு ஆண்டுகளில் சராசரியாக 32 விழுக்காடு எடை குறைந்தனர். பத்தாம் ஆண்டில் அது 25 விழுக்காடாக நின்றது. 120 கிலோ இருந்த ஒருவர் 82 கிலோவுக்கு இறங்கிப் பின்னர் 90 கிலோவில் நிலைப்பதாக இதனைக் கொள்ளலாம். அந்த எட்டுக் கிலோ தோல்வியன்று, எதிர்பார்க்க வேண்டியது. அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பு 29 விழுக்காடு குறைந்ததையும் அதே ஆய்வு காட்டியது. நீரிழிவு பற்றி அது தந்த கணக்கு மட்டும் சற்றே கடுமையானது. இரண்டாம் ஆண்டில் நீரிழிவிலிருந்து விடுபட்டிருந்தோர் 72 விழுக்காடு; பத்தாம் ஆண்டிலோ 36 விழுக்காடுதான். ‘சர்க்கரை போய்விட்டது’ என்று பரிசோதனையை நிறுத்திவிடுவோர் இந்த எண்ணை மறத்தலாகாது.

அறுவையின்றி இளைத்தோர் நிலை இன்னும் கடினம். ‘பிக்கெஸ்ட் லூசர்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பங்கேற்ற 14 பேரை ஆறாண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தனர். சராசரியாக 58 கிலோ இழந்தவர்கள் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தனர். அவர்களின் உடல் ஓய்வு நிலையில் செலவிட்ட ஆற்றல், அவர்களின் உடலளவுக்குக் கணிக்கப்பட்டதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைந்திருந்தது. இழந்த எடையை மீட்க உடலே முயல்கிறது என்பது இதனால் விளங்கும். திருமண வீடுகளில் ‘இவ்வளவு செலவு செய்தும் மறுபடி பருத்துவிட்டாரே’ என்று பேசுவோர் இதனை அறிந்தால் நன்று. அப்பேச்சு விளைக்கும் தீங்கு சிறிதன்று. எடை மூன்று கிலோ கூடியபோது மருத்துவரிடம் செல்ல வேண்டியவர் நாணத்தால் செல்லாது நின்று, முப்பது கிலோ கூடிய பின்னரே செல்கிறார்.

இனிச் சமண மரபுக்கு வருவோர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் புறத்தவம் ஆறு என வகுக்கிறது. உண்ணாநோன்பாகிய அநசனம் முதலாவது, அவமௌதரியம் இரண்டாவது. பின்னதையே ஊனோதரி என்றும் வழங்குவர். இச்சொல்லின் முதலில் நிற்பது தசையைக் குறிக்கும் தமிழ் ‘ஊன்’ அன்று. குறைவு என்னும் பொருள்தரும் வடசொல். வயிறு நிறையுமுன் நிறுத்துதல் என்பதே இதன் கருத்து. ஆடவர்க்கு 32 கவளம், மகளிர்க்கு 28 கவளம் நிறைவுணவு என்று வரையறுத்து, அதில் ஒன்றேனும் குறைத்து உண்பதைத் தவமாக வைத்தனர். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்திலும் பத்துக் குறளில் ஆறு உணவின் அளவையும் காலத்தையும் பற்றியனவே. அநசனம் ஊரறிய நிகழ்வது. ஊர்வலமும் பாராட்டும் உடையது. ஊனோதரியை எவரும் காண்பதில்லை. ஆனால் அறுவைக்குப் பின் எடையை நிலைநிறுத்துவது இந்த இரண்டாம் தவமே.

இதில் சைவ உணவினர்க்கு, அதிலும் சமண உணவு நெறியினர்க்கு, ஓர் இடர்ப்பாடு உண்டு. அறுவை செய்துகொண்டவர்க்கு நாள்தோறும் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். இல்லையேல் கொழுப்போடு தசையும் கரையும். முட்டையும் மீனும் இல்லை. 100 கிராம் பனீரில் 18 கிராம். இரண்டு சிறு கிண்ணம் கெட்டிப் பருப்பில் 14. பாலும் தயிருமாக 400 மில்லியில் 13. 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினால் 10. எல்லாம் சேர்ந்தும் 55தான். இட்லி ஒன்றில் இரண்டு கிராம் என்பதையும் கூட்டிக்கொள்க. ஒரு வேளைக்கு அரைக் கிண்ணமே கொள்ளும் வயிற்றில் இதனை நிரப்பப் பருப்பை முதலில் உண்டு, சோற்றைக் கடைசிக்கு விடவேண்டும். காய்ச்சாத தயிரைப் பருப்போடு சேர்க்கலாகாது என்னும் விதியைக் கடைப்பிடிப்போர் இரண்டையும் வெவ்வேறு வேளைக்குப் பிரித்துக்கொள்வது சிறுவயிற்றுக்கும் ஏற்றதே.

எடையைத் திருப்பிக் கொணர்வது பெரும்பாலும் விருந்தன்று, கொறித்தல். பருப்பும் காயும் சிறுவயிற்றில் தங்கி நிறைவு தரும். காராபூந்தியும் சேவும் பிஸ்கட்டும் கரைந்து இறங்கிவிடும். மயிலாப்பூர் மாடவீதிகளிலும் தியாகராயநகர் உசுமான் சாலையிலும் பத்தடிக்கு ஒரு பலகாரக் கடை. காப்பியும் அவ்வாறே. இரண்டு கரண்டிச் சர்க்கரை 10 கிராம் எனக் கொண்டால், நாளுக்கு ஐந்து குவளையில் சர்க்கரை மட்டுமே 200 கலோரி. நீர்மப் பொருளை எந்த அறுவையும் தடுப்பதில்லை.

கதிரவன் மறையுமுன் உண்ணும் வழக்கம் பேருதவி. இரவுக் கொறித்தலை அது அடியோடு நீக்குகிறது. எனினும் கடையில் வணிகம் நடக்கும் மாலை ஐந்தரை மணிக்குப் பத்து நிமிடத்தில் விழுங்கி எழுதல் சிறுவயிற்றுக்கு ஆகாது. அரை மணி நேரம் மென்று உண்ணவேண்டும். உணவோடு நீர் பருகலாகாது. இரவில் நீரும் விலக்கும் சௌவிஹார் நோன்பினர்க்கு மற்றொரு கணக்கும் உண்டு. ஒன்றரை லிட்டர் நீரைப் பகற்பொழுதின் பன்னிரண்டு மணி நேரத்தில் பருக மணிக்கு 125 மில்லி வேண்டும். இவர்களால் ஒரே மூச்சில் ஒரு செம்பு நீர் குடிக்க இயலாது. பக்கத்திலேயே காய்ச்சிய நீர்க்குப்பி இருந்தாலன்றி இக்கணக்கு நிறைவேறாது.

நீண்ட நோன்புகளே பெரிதும் அஞ்சத்தக்கவை. பரியூஷணத்தில் எட்டு நாள் உபவாசம் ஏற்போர், தசலட்சணத்தில் பத்து நாள் ஏற்போர், ஆண்டு முழுதும் ஒருநாள் விட்டு ஒருநாள் நோற்கும் வர்ஷீதபத்தினர் ஆகியோருள் அறுவை செய்துகொண்டவரும் இருத்தல் கூடும். அதனை வீட்டாரன்றிப் பிறர் அறியார். நோன்பினிடையே வாந்தி தொடர்ந்தால் தயமின் என்னும் வைட்டமின் பி1 வற்றி மூளையைத் தாக்கலாம். நீரிழிவு மாத்திரை உண்போர்க்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். ஒருவேளை மட்டும் நெய், பால், இனிப்பின்றி உண்ணும் ஆயம்பிலில் 60 கிராம் புரதத்தை ஒரே அமர்வில் அடக்க இயலாது. பாரணையும் எச்சரிக்கைக்குரியது. இடபதேவர் நினைவாக அட்சய திருதியையில் கரும்புச் சாறு பருகி வர்ஷீதபத்தை நிறைவு செய்வது மரபு. பைபாஸ் செய்துகொண்டவர் அதனை ஒரு குவளை பருகினால் சர்க்கரை நேரே குடலுள் பாய்ந்து, படபடப்பும் வியர்வையும் தலைச்சுற்றலும் உண்டாகும். ஒரு சிறு கரண்டி அளவே பருகினாலும் மரபு நிறைவேறும் அன்றோ!

மாத்திரைகளைப் பற்றியும் ஒரு சொல். வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை வாழ்நாள் முழுதும் தேவை. சைவ உணவில் பி12 இயல்பாகவே குறைவு; அறுவைக்குப் பின் அது உடலில் ஏறுவதும் குறைகிறது. சிலர் இவற்றை நிறுத்திவிடுவதற்குக் காரணம் சோம்பலன்று, மென்குப்பிகளின் மேலுறை ஜெலட்டின் என்பதே. விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கப்படுவது அது. வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு உரோமத்தின் கொழுப்பிலிருந்து வருகிறது. இவ்வையம் நேர்மையானது, வழியும் உண்டு. உறையில்லாத மாத்திரை, தாவர உறையிட்ட குப்பி, டி2 வகை, பி12 ஊசி என்று கேட்டுப் பெறலாம். பி12 நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கப்படுவது. கேளாமல் நிறுத்துவதே கேடு. கை கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல் என அதன் விளைவு ஓரிரு ஆண்டு கழித்தே தெரியும்.

எடையை நிலைநிறுத்தியோரின் பதிவேடு ஒன்று அமெரிக்காவில் 1994 முதல் பேணப்படுகிறது. அதிலுள்ளோர் பெரும்பாலும் அறுவையின்றி இளைத்தவர்களே. எனினும் அவர்களின் பழக்கங்கள் அனைவர்க்கும் பொருந்துவன. பத்தில் ஒன்பது பேர் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் உடலுழைப்பு மேற்கொள்கின்றனர். நான்கில் மூவர் வாரம் ஒருமுறையேனும் எடை பார்க்கின்றனர். லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா, பெசன்ட் நகர்க் கடற்கரை, 2019இல் அகன்ற நடைபாதை பெற்ற பாண்டி பஜார் ஆகியவை இப்பகுதியினர்க்கு நடைப்பயிற்சிக்கு ஏற்ற இடங்கள். நடைக்குப் பின் நண்பர்களோடு சிற்றுண்டிச் சாலைக்குள் நுழைவதுதான் இங்கே கணக்கைக் குலைக்கிறது.

செமாகுளூடைடு, டிர்செபடைடு ஆகிய மருந்துகள் எடை குறைப்புக்கென 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்துள்ளன. திரும்பிய எடையைக் குறைக்க மருத்துவர் இவற்றைத் தருவதுண்டு. செமாகுளூடைடை நிறுத்தியோர் ஓராண்டில், இழந்த எடையின் மூன்றில் இரு பங்கைத் திரும்பப் பெற்றதையும் ஆய்வு காட்டியுள்ளது.

நோன்பு ஏற்கும்போது சொல்லப்படும் பச்சக்காண் உறுதிமொழியிலேயே விதிவிலக்குகள் வைக்கப்பட்டுள்ளன. உடல்நலம் குலைந்து மன அமைதி கெடும் நிலையில் மருந்து உட்கொள்ளின் நோன்பு முறியாது என்பது அவற்றுள் ஒன்று. நலங்குன்றியோரை முன்னோர் மறக்கவில்லை. ஆகவே அறுவை செய்துகொண்டவர் பர்வத்துக்கு ஒரு திங்கள் முன்பே இரத்தத்தில் இரும்பு, பி12, சர்க்கரை அளவுகளைப் பார்த்து, எத்தனை நாள், எவ்வகை நோன்பு என்பதை மருத்துவரிடம் கேட்டு, அம்முடிவைக் குருவிடம் மறையாது தெரிவிக்கவேண்டும். உபவாசத்துக்கு மாற்றாகப் பண்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்தல், இனிப்பை விலக்கல், 28இல் நான்கு கவளம் குறைத்தல் என எதனை ஏற்கலாம் என்று அவரே வகுத்துரைப்பார்.