ரிலே தட்டினால் கோபிக்காதீர்கள்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மேடை கிடைத்தால் பெரிய விஷயம் பேசணும் என்பார்கள். நான் பேசப்போவது தாயில்பட்டியில் எங்க சித்தப்பா கிணற்றடியில் தொங்கிய ஸ்டார்ட்டர் பெட்டியைப் பற்றி.

ஒரு கோடையில் அந்த 5 எச்.பி. மோட்டார் கொஞ்ச நேரம் ஓடும், நின்றுவிடும். "ரிலே கெட்டுப்போச்சுப்பா" என்று முடிவு கட்டிய சித்தப்பா, ஒரு குச்சியைச் செருகிக் கான்டாக்டரை அமுக்கி வைத்துவிட்டார். தீப்பெட்டி செய்கிற ஊரில் குச்சிக்கா பஞ்சம்! மோட்டார் ஓடியது. சாயங்காலம் கருகிய வாசம். மறுநாள் ரீவைண்டிங் கடை. கடைசியில் பார்த்தால் ஒரு பேஸில் ஃப்யூஸ் கம்பி தளர்ந்து, சூடேறி, விட்டு விட்டுப் போயிருக்கிறது. அவ்வளவுதான்.

தம்பிகளே, ஓவர்லோடு ரிலே மோட்டாருக்குப் போகும் கரண்டைத் தானே நிறுத்துவதில்லை. கான்டாக்டர் காயிலுக்குப் போகும் வழியை மட்டும் துண்டிக்கிறது. காயில் விட்டால்தான் கான்டாக்டர் விலகும். குச்சி செருகிவிட்டால் ரிலே தட்டியும் பயனில்லை. சிவப்புப் பொத்தானும் வேலை செய்யாது. ஒரு பேஸ் போனால் மீதி இரண்டில் கரண்ட் ஏறக்குறைய 1.7 மடங்காகும். ஸ்டார்ட்டிங் கரண்டைத் தாங்கப் போட்ட ஃப்யூஸ் அதற்கு உடனே போகாது. காயில் மற்ற இரண்டு பேஸில் இருந்தால் கான்டாக்டரும் விடாது. ரிலே ஒன்றுதான் காவல்.

ஆகவே ரிலே தட்டினால் முதலில் மூன்று பேஸுக்கும் இடையே வோல்டேஜ் பாருங்கள். அடுத்து டாங் டெஸ்டரால் மூன்று வயரிலும் கரண்ட் பாருங்கள். 5 எச்.பி.க்குச் சுமார் ஏழரை ஆம்பியர். பெயர்ப்பலகையில் உள்ளதே சரியான கணக்கு. ஸ்டார்-டெல்டாவில் ரிலே பேஸ் வயரில் இருந்தால் அதில் 58 சதவீதம்தான் வைக்கணும். இது தெரியாமல் முழு அளவு வைத்து எரித்த மோட்டார்கள் ஏராளம்.

பச்சைப் பொத்தானை விட்டதும் கான்டாக்டர் விழுந்தால், காயிலைப் பிடித்து நிறுத்தும் துணைக் கான்டாக்ட்டைப் பாருங்கள். கடகடவென்று அதிர்ந்தால் வோல்டேஜ் குறைவு, காந்த முகத்தில் தூசி, அல்லது அதிலுள்ள செம்பு வளையம் உடைந்திருக்கும். பொத்தானை அமுக்கியும் நிற்காவிட்டால் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டது, மாற்றுங்கள். கருத்த கான்டாக்ட்டை எமரி தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மேலே உள்ள வெள்ளிக் கலவை போய்விடும். எதைத் தொடுவதற்கு முன்னும் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பாருங்கள்.

நம்ம பகுதிக்கு இன்னொன்று. கான்டாக்டர் விலகும் ஒவ்வொரு முறையும் உள்ளே தீப்பொறி உண்டு. கிணற்றடியில் அது பெரிதல்ல. மருந்துத் தூசி பறக்கும் இடத்தில் சாதாரண ஸ்டார்ட்டர் பெட்டி மாட்டச் சொன்னால், யார் சொன்னாலும் மாட்டாதீர்கள்.

சித்தப்பா இப்போது குச்சி தேடுவதில்லை. "ரிலே தட்டுது, என்னன்னு பாரு" என்கிறார். அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கல்லூரி நமக்குக் கற்றுக்கொடுத்தது.