ஒரே பாஷை, வேறு வேறு சிரிப்பு

(மூத்த உறுப்பினர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)

செயலாளர் என்னை அறிமுகப்படுத்தும்போது, "பிஸிக்ஸ் பட்டதாரி, ரிடையரான சர்க்கார் அதிகாரி, நகைச்சுவை பற்றிப் பேசுவார்" என்றார். மூன்றும் எப்படி ஒட்டும் என்று முன்வரிசையில் சிலர் சிரித்தது காதில் விழுந்தது. முப்பத்தாறு வருஷம் ஃபைல் பார்த்தவனுக்கு நகைச்சுவை இல்லாவிட்டால் ரத்தக் கொதிப்புதான் மிஞ்சியிருக்கும் ஸ்வாமி!

இங்கே பாதிப் பேருக்குப் பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். இங்கிலீஷ் தெரிந்தால் போதும், லண்டனும் சிகாகோவும் சிட்னியும் ஒன்றுதான் என்று நாம் நினைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறோம். காலேஜ் லாபில் வெர்னியர் காலிபரைக் கையில் கொடுத்ததும், முதலில் ஜீரோ எரர் பார் என்பார்கள். கருவிக்குக் கருவி அது மாறும். கழிக்காமல் அளந்தால் கணக்கு முழுவதும் தப்பு. பேச்சுக்கும் அதே கதைதான்.

இங்கிலீஷ்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் குறைத்தே சொல்வார். 1982 ஜூன் 24 இரவு. லண்டனிலிருந்து பம்பாய், மெட்ராஸ் வழியாக வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ, கோலாலம்பூரில் இறங்கி பெர்த்துக்குப் புறப்பட்டது. ஜாவாவுக்கு அருகே, கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் புகுந்துவிட்டது. 37,000 அடி உயரத்தில் நான்கு எஞ்சினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கேப்டன் எரிக் மூடி மைக்கை எடுத்தார். ஒரு சின்னப் பிரச்சினை, நான்கு எஞ்சினும் நின்றுவிட்டன, ஓட வைக்க எங்களால் ஆனதைச் செய்துகொண்டிருக்கிறோம், உங்களுக்கு ரொம்பச் சிரமமில்லை என்று நம்புகிறேன் என்கிற பாவனையில் அறிவித்தார். சூட்டில் உருகி எஞ்சினுக்குள் ஒட்டிய சாம்பல், எஞ்சின் குளிர்ந்ததும் இறுகி உதிர்ந்தது. எஞ்சின்கள் உயிர் பெற்று, ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கினார்கள். 263 பேரும் பிழைத்தார்கள்.

இதே குணம் ஆளைக் கொன்றும் இருக்கிறது. 1951 ஏப்ரல், கொரியா யுத்தம், இம்ஜின் நதிக்கரை. சீனப் படை சூழ்ந்துகொண்ட நிலையில் பிரிட்டிஷ் பிரிகேடியர் பிராடி, மேலதிகாரியான அமெரிக்க ஜெனரலிடம், நிலைமை கொஞ்சம் இக்கட்டாக இருக்கிறது என்றாராம். இன்னொரு இங்கிலீஷ்காரருக்கு அது 'சர்வ நாசம்' என்று புரிந்திருக்கும். அமெரிக்கருக்கு 'கொஞ்சம் கஷ்டம், சமாளித்துவிடுவார்கள்' என்றே பட்டது. உதவி வேண்டிய வேளையில் வந்து சேரவில்லை. குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள். தப்பி வந்தவர்கள் சில டஜன் பேர்தான்.

அமெரிக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் உள்ளதை உள்ளபடி, சில சமயம் ஒரு படி கூடவே சொல்லிப் பழகியவர். ஜோக்கும் அப்படியே, எங்கே சிரிக்க வேண்டும் என்று தெளிவாகத் தெரியும். 1981-ல் குண்டடிபட்டு ஆபரேஷனுக்குப் போகும்போது ரீகன், நீங்கள் எல்லாரும் ரிபப்ளிகன் கட்சிதானே என்று டாக்டர்களைக் கேட்டார். எதிர்க்கட்சிக்காரரான சர்ஜன், இன்றைக்கு எல்லாருமே ரிபப்ளிகன்தான் என்றார். கனடாக்காரர் வேறு ரகம். நாம் அவர் காலை மிதித்தால் அவர்தான் ஸாரி சொல்வார். மன்னிப்புக் கேட்டதையே குற்ற ஒப்புதலாகக் கோர்ட்டில் கொள்ளக் கூடாது என்று 2009-ல் ஒன்டாரியோவில் சட்டமே போட்டார்கள் என்றால் பாருங்கள்.

ஐரிஷ் சிரிப்புக்கு நம்மூர்ப் பக்கமே சாட்சி உண்டு. ஸ்பைக் மில்லிகன் 1918-ல் பிறந்தது அகமத்நகரில், இன்று அகில்யாநகர். புனேயிலிருந்து 120 கிலோமீட்டர்தான். தகப்பனார் வழியில் ஐரிஷ். 'எனக்கு உடம்பு சரியில்லை என்று அப்போதே சொன்னேனே' என்று தன் கல்லறையில் எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. 2002-ல் காலமானார். சர்ச் நிர்வாகம் இங்கிலீஷில் எழுத ஒப்பவில்லை. ஐரிஷ் பாஷையில் எழுதினால் சரி என்றது! அப்படியே பொறித்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியரிடம்தான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். அவர்களுடைய பிரதமர் ஹெரால்ட் ஹோல்ட் 1967 டிசம்பரில் கடலில் நீந்தப் போய்க் காணாமலே போனார். அவர் ஞாபகார்த்தமாக மெல்போர்னில் எதற்குப் பெயர் வைத்தார்கள் தெரியுமா? நீச்சல் குளத்துக்கு! செம்பட்டைத் தலையனை 'நீலம்' என்று கூப்பிடுகிற ஜனங்கள். பிரியம் வந்தால் வைவார்கள். மரியாதையாகப் பேசினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இதெல்லாம் 2009-ல் எனக்குத் தெரியாது. பெண் மெல்போர்ன்காரரைக் கல்யாணம் செய்துகொண்டதை ஒருவாறு ஜீரணித்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு டிக்கெட் வாங்கி நானும் ஆத்துக்காரியும் போனோம். நாலாம் நாள் சாப்பாட்டு மேஜையில், ஏதோ வாதத்தில் நான் ஜெயித்தபோது, மாப்பிள்ளை என் முதுகில் தட்டி ஒரு பட்டம் கொடுத்தார். சபையில் சொல்ல முடியாது. தகப்பன் பேர் தெரியாதவன் என்று அர்த்தம். கோத்திரமும் பிரவரமும் சொல்லி அபிவாதனம் பண்ணுகிறவனைப் பார்த்து! பெண் சிரித்தாள். "அப்பா, பிடிக்காதவாளை அப்படிச் சொல்லவே மாட்டார்" என்றாள். நான் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆத்துக்காரி ஒரு வார்த்தை பேசாமல் பெட்டி கட்டினாள்.

அதன் பிறகு அவளுக்கு அங்கே போக வாய்க்கவில்லை. 2014-ல் போய்விட்டாள். பெண்ணோடு அவள் இருந்திருக்க வேண்டிய இரண்டு மாதத்துக்கு மேல் என் கணக்கில்தான் இருக்கிறது.

காரியத்துக்கு மாப்பிள்ளையும் வந்தார். பதின்மூன்றாம் நாள் சாயங்காலம் பால்கனியில் என் பக்கத்தில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "இனி உங்களை யார் பொறுத்துக்கொள்ளப் போகிறார்கள்?" என்று கேட்டு, கடைசியில் அதே பட்டத்தைச் சேர்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தேன்.

1953-ல் எவரெஸ்டிலிருந்து இறங்கி வந்த நியூஸிலாந்துக்காரர் ஹில்லாரி, சிநேகிதர் ஜார்ஜ் லோவிடம் அந்த மலையைக் குறிப்பிட்டுச் சொன்னதும் இதே வார்த்தைதான் என்று பின்னால் படித்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் மெல்போர்னிலிருந்து போன் வரும். எடுத்ததும் மாப்பிள்ளை பட்டத்தைச் சொல்வார். நானும் அதையே திருப்பிக் கொடுத்துவிட்டு, பெண்ணிடம் போனைக் கொடுக்கச் சொல்வேன்.